போட்டி வந்த பிறகுதான் கோர் கூடியது

போட்டி இருந்தால்தான் தொழில்நுட்பம் வளருமா, இல்லாவிட்டாலும் வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். புது யோசனை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒரு கம்பெனி தன்னிடம் இருப்பதை நாம் வாங்கக்கூடிய விலைக்கு இறக்க, பக்கத்துக் கடையில் ஒருவன் விற்க ஆரம்பிக்க வேண்டும். நான் கண்ணால் பார்த்தது கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் கதை.

2012இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மெஷின் அசெம்பிள் செய்தேன், இன்டெல் ஐ5, நான்கு கோர், அதாவது ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதிகள். 2016 கடைசியில் மாற்றலாம் என்று அதே கடைக்குப் போனால், "சார், ராம் மட்டும் ஏத்திட்டுப் பழசையே ஓட்டுங்க, பெருசா வித்தியாசம் தெரியாது" என்று கடைக்காரரே திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். சாதாரண டெஸ்க்டாப்புக்கு இன்டெல்லின் நான்கு கோர் வந்தது 2006இல், 2017 ஜனவரியில் வந்த ஐ7 7700கே-யிலும் அதே நான்கு. எட்டு கோர் செய்யத் தெரியாமல் இல்லை, 2014லேயே விற்றார்கள், ஆனால் விலை 999 டாலர், அதற்கென்று தனி மதர்போர்டு வேறு. போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் புல்டோசர் ப்ராசஸர் 2011இல் சொதப்பிவிட்டதால் இன்டெல்லை அவசரப்படுத்த ஆளே இல்லை. சிப்புக்கும் மேல் மூடிக்கும் நடுவே சூட்டை நன்றாகக் கடத்த இருந்த சால்டரைக்கூட (உலோகப் பற்று) 2012இல் எடுத்துவிட்டு வெறும் தெர்மல் பேஸ்ட் தடவினார்கள். சூடு தாங்காமல், ப்ராசஸரை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஓவர்கிளாக் பைத்தியங்கள் பிளேடால் மூடியைப் பெயர்த்து நல்ல பேஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்தது. எட்டு கோர் 329 டாலரிலிருந்து. அதே அக்டோபரில் இன்டெல்லின் ஐ7 ஆறு கோர் ஆனது, அடுத்த அக்டோபரில் ஐ9 எட்டு கோர், கூடவே சால்டரும் திரும்பி வந்தது! ஒரு சிப்பை வடிவமைக்க வருடக்கணக்கில் ஆகும், ரைசனைப் பார்த்துவிட்டு ஏழே மாதத்தில் ஆறு கோரை வரைந்திருக்க வாய்ப்பில்லை. அது ஏற்கெனவே எங்கோ தயாராகிக்கொண்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்காக எல்லாமே போட்டியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். இந்தச் சிப்புகளுக்கெல்லாம் மூலமான டிரான்சிஸ்டர் 1947இல் பெல் லேப்ஸில் பிறந்தது, அதுவோ அமெரிக்காவின் தொலைபேசியையே கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டியின் ஆய்வுக்கூடம். போட்டிக்கு ஆளே இல்லாத வசதியில் நிம்மதியாக ஆராய்ச்சி செய்தார்கள்.

இன்னொரு பழைய கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ப்ராசஸர்கள் 32 பிட்டிலிருந்து, அதிக நினைவகத்தைக் கையாளும் 64 பிட்டுக்கு மாற வேண்டிய நேரத்தில் இன்டெல், ஹெச்பியுடன் சேர்ந்து இட்டானியம் என்று முற்றிலும் புதிதாக ஒரு ப்ராசஸரை 2001இல் இறக்கியது. பழைய ப்ரோகிராம்கள் அதில் நொண்டியடித்தன. ஏஎம்டி அப்படிப் பெரிதாக யோசிக்கவில்லை, பழைய வடிவத்தையே 64 பிட்டுக்கு நீட்டி 2003இல் ஆப்டெரானாக விற்றது, பழையதும் ஓடும், புதியதும் ஓடும். அடுத்த வருடமே இன்டெல் அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று. உங்களிடம் இன்டெல் ப்ராசஸரும் 64 பிட் விண்டோஸும் உள்ள மெஷின் இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'செட்' (set) என்று அடித்துப் பாருங்கள். ப்ராசஸர் ஆர்க்கிடெக்சர் என்ற வரிக்கு நேரே 'ஏஎம்டி64' என்றுதான் இருக்கும்.