பெயர் பொருந்தினால் போதுமா?

கேள்வி: பழைய கணக்கு மென்பொருளில் இருந்து புதியதற்கு மாறுகிறோம். இரண்டிலும் நூற்றுக்கணக்கான நெடுவரிசைகள் (column). எது எங்கே போகவேண்டும் என்று எக்செல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். ஏஐயிடம் விட்டுவிடலாமா?

பதில்: பாதி வேலையைத் தாராளமாக விடலாம். ஒன்றில் 'கஸ்ட்_என்எம்', இன்னொன்றில் 'கஸ்டமர் நேம்' என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று ஏஐ சட்டென்று பிடித்துவிடும், அதற்கெல்லாம் ஆள் உட்கார வேண்டாம். வம்பு உள்ளே இருக்கும் மதிப்புகளில்தான். 'ஸ்டேட்டஸ்' நெடுவரிசையில் 1, 2, 3 என்று கிடக்கும். அதில் 3 என்பது முடிந்த பில்லா, ரத்தான பில்லா என்பது பத்து வருஷமாக அந்த மென்பொருளில் குப்பை கொட்டியவருக்குத்தான் தெரியும். 03/04/2024 மார்ச்சா ஏப்ரலா? 'தொகை' வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா? கேட்டால் ஏஐ தயங்காமல் ஒரு பதில் சொல்லும், அதுதான் பயமே. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததும் இந்த வகைக் கோளாறில்தான்: ஒரு மென்பொருள் உந்துவிசை எண்ணைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

அதனால் நெடுவரிசையின் பெயர், அதன் விளக்கம், கொஞ்சம் மாதிரி வரிசைகள் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே போடச் சொல்லுங்கள். 95 சதவீதம் உறுதி என்று அது தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்க்கை நான் நம்புவதில்லை. பட்டியலை உங்கள் கணக்காளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அதை வைத்து ஏஐயை ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுத வையுங்கள். டேட்டாவை மாற்றுவது அந்த ஸ்கிரிப்ட்தான். லட்சம் வரிசையையும் ஒவ்வொன்றாக ஏஐக்குள் விட்டு எடுத்தால் செலவும் ஏறும், ஒரே மாதிரி வரிசைக்கு இரண்டு விதமாகவும் பதில் வரலாம். ஓடி முடிந்ததும் வரிசை எண்ணிக்கை, மொத்தத் தொகை, காலியாக நிற்கும் கட்டங்கள் மூன்றையும் இருபக்கமும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் விவரங்களை ஏஐயிடம் கொடுப்பது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான், தேவையும் இல்லை. போலி வரிசைகள் போதும். ஆனால் போலியை ரொம்ப அழகாகச் செய்துவிடாதீர்கள். முன்னால் பூஜ்யம் உள்ள எண், காலிக் கட்டம், ஒரே கட்டத்தில் இரண்டு போன் நம்பர் என்று உங்கள் பழைய மென்பொருளில் இருக்கிற அத்தனை அலங்கோலமும் அதிலும் இருக்கட்டும்.