ஏப்ரலில் விதைத்த ஊதா ப்ரோக்கோலி நவம்பர் ஆகியும் மொட்டு விடவில்லை. பிடுங்கிவிடலாமா?

தயவுசெய்து பிடுங்காதீர்கள். உங்கள் செடியில் ஒரு குறையும் இல்லை. இங்கிலாந்தில் ‘பர்ப்பிள் ஸ்ப்ரௌட்டிங்’ என்று விற்கும் பழைய வகைகள் பல வாரம் குளிர் பட்ட பிறகுதான் மொட்டு வைக்கும். அதுவரை வெறும் இலைதான். லண்டனில் நான் முதல்முறை வளர்த்தபோது, இது மலட்டுச் செடி என்று நினைத்து டிசம்பரில் ஆறு செடியையும் பிடுங்கிப்போட்டேன். இன்னும் இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் தட்டு நிறையக் கிடைத்திருக்கும். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும். காற்றில் ஆடினால் வேர் தளர்ந்துவிடும். அடியில் மண்ணை அணைத்து, காலால் நன்றாக மிதித்து, ஒரு கம்பு நட்டுக் கட்டுங்கள். அப்புறம் வலை. குளிர்காலத்தில் வேறு பச்சை இல்லாததால் புறாக்கள் இதைத்தான் தேடி வரும், நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலையைத் தின்றுவிடும். வலை இலைமேல் படாமல் தூக்கிக் கட்டுங்கள், பட்டால் வலைமேல் உட்கார்ந்தே கொத்தும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. நடுமொட்டை முதலில் வெட்டுங்கள், அப்போதுதான் பக்கத்தளிர்கள் கிளம்பும். விரல் நீளம் தாண்டியதும், மஞ்சள் பூ விரியும் முன்பே ஒடித்துவிட வேண்டும். வாரம் இரண்டு முறை ஒடித்தால் ஆறு வாரம்கூட வரும். தோட்டத்தில் வேறு எதுவும் இல்லாத நாட்களில் கிடைப்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

வேக வைத்தால் ஊதா போய்ப் பச்சையாகிவிடும், பயப்படாதீர்கள். அந்த நிறம் தண்ணீரில் கரையக்கூடியது. நான் தண்டையும் சேர்த்துப் பொடியாக நறுக்கி, கடுகு, மிளகாய் வற்றல் தாளித்து, மூன்றே நிமிடம் வதக்கித் தேங்காய் தூவி இறக்குவேன். இளம் இலையையும் விடுவதில்லை.

அடுத்த முறை ஏப்ரல், மே மாதத்தில் நாற்றுத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, ஜூன், ஜூலையில் நாற்றை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். நட்ட நாளிலிருந்தே சின்னக் கண் வலை போடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பட்டாம்பூச்சி இலைக்கடியில் முட்டை வைத்துவிடும். இவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் ‘சம்மர் பர்ப்பிள்’ விதை வாங்குங்கள். அதற்குக் குளிர் தேவையில்லை, விதைத்த வருடமே ஒடிக்கலாம்.