த்ரீ நாட் த்ரீ: ஆர்மரர் அண்ணாச்சி பதில்கள்

பாளையங்கோட்டையில் போலீஸ் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துச் சரிபார்க்கிறவனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 தோட்டா போடும் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வி.எம்.சத்திரம்: அண்ணாச்சி, இதை யார் யார் செய்தார்கள்? எங்கே பார்த்தால் தெரியும்?

பின்கட்டை போய் உட்காரும் இரும்புப் பிடியின் வலப்பக்கம் பாருங்கள், தம்பி. கிரீடம், அதன்கீழ் ராஜாவின் எழுத்து, செய்த இடம், வருசம், மாடல் எல்லாம் அங்கே குத்தியிருக்கும். என்ஃபீல்டு என்றால் இங்கிலாந்து அரசுத் தொழிற்சாலை. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் கம்பெனி. எல்.எஸ்.ஏ. லண்டன். லித்கோ ஆஸ்திரேலியாவில் 1912-ல் திறந்தது. ஆர்.எஃப்.ஐ. என்றால் வங்காளத்து இஷாப்பூர், நம்ம ஊர்ப் போலீஸ் கையில் அதிகம் புழங்கியது அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு அதில் கிரீடம் போய்ச் சிங்க முத்திரை வந்தது. நம்பர் 4 ரகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சரக்கு. கனடாவில் லாங் பிராஞ்ச், அமெரிக்காவில் சாவேஜ் என்று பல இடங்களில் செய்தார்கள். சாவேஜ் ரைஃபிளில் ‘யு.எஸ். ப்ராப்பர்ட்டி’ என்றே குத்து இருக்கும்.

முத்திரையைப் பார்த்ததோடு விடாதீர்கள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடியின் பின்னால் ஒரு நம்பர் இருக்கும். அதுவும் பாடி (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு ரைஃபிளின் போல்ட்டும் நுழையும், பூட்டும், சுடவும் செய்யும். ஆனால் போல்ட் தலைக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போனால் பித்தளைக் கூடு கிழிந்து, சூட்டுக் காற்று சுடுகிறவன் முகத்தில் அடிக்கும்.

சுத்தமல்லி: ஒரு ரைஃபிளின் முன்கட்டை முழுக்கச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. உடைந்ததைக் கட்டியதா?

இல்லை. கிண்ணம் மாதிரி ஒன்றை முன்னால் மாட்டி கிரனேடு வீசுவதற்காகக் கட்டையை இறுக்கியது. அந்த உதைப்பில் கட்டை பிளந்துவிடும் என்பதால்தான் கம்பி.

தென்காசி, முன்னாள் ராணுவத்தினர்: 7.62 மி.மீ. தோட்டா போடும் இஷாப்பூர் 2ஏ ரைஃபிள், பழைய த்ரீ நாட் த்ரீயின் துளையை மாற்றியதுதானே? 7.62 தோட்டாவுக்குத் தாங்காது என்று எங்கள் யூனிட்டிலேயே சொல்வார்கள்.

யூனிட்டில் சொன்னது தப்பு ஐயா. சீன யுத்தம் முடிந்த கையோடு, 1963-ல் அதைப் புதிதாகவே செய்தார்கள். 7.62-க்கு அழுத்தம் அதிகம் என்பதால் பாடிக்கே வலுவான உருக்கு போட்டார்கள். மேகசினை (ரவைப் பெட்டியை) பாருங்கள்: பழையது 10 ரவை, கீழ்ப்பக்கம் சரிவு, இது 12 ரவை, சதுரம். பின்னால் வந்த 2ஏ1-ல் குறிபார்க்கும் பின்சைட் 800 மீட்டரோடு நின்றுவிடும்.

மறுபடியும் தென்காசி: உருவம் அச்சு அசல் அதுதானே? வெடித்ததாகவும் கேள்விப்பட்டேன்.

உருவம் ஒன்றுதான், இரும்பு வேறு. ரிம் (அடியில் துருத்தும் விளிம்பு) இல்லாத தோட்டாவைப் பிடித்து இழுக்க எக்ஸ்ட்ராக்டரையும் மாற்றினார்கள். பழைய பாடியில் யாரோ 7.62 பேரலை (குழாயை) ஏற்றிச் சுட்டிருந்தால் அந்தப் பழி இஷாப்பூருக்குச் சேராது. வெடித்தது என்று கேட்டால் முதலில் போல்ட் நம்பரைக் கேளுங்கள். அங்கே உழைத்தவன் வேலை கண்முன்னால் இருக்கும்போது, பார்க்காமலே மட்டம் என்று சொல்வதை என்னால் ஒப்ப முடியாது.

களக்காடு, விவசாயி: வாழையைப் பன்றி அழிக்கிறது. த்ரீ நாட் த்ரீக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. தடைசெய்யப்பட்ட ‘போர்’ (குழாய்த் துளை அளவு) அது. அதே லீ-என்ஃபீல்டு போல்ட் அமைப்பில் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை இஷாப்பூர் பொதுமக்களுக்காகவே செய்தது. அதற்குக் கலெக்டரிடம் மனுப்போடலாம். ஆனால் லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட அனுமதி வேறு. உங்கள் கஷ்டம் நியாயம்தான். முதலில் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

கடையம்: த்ரீ நாட் த்ரீ லைசென்ஸ்...

மேலே சொல்லிவிட்டேன்.

அம்பாசமுத்திரம்: தாத்தா காலத்தில் வீட்டில் வைத்திருந்தார்களாமே, லைசென்ஸ்...

1959 ஆயுதச் சட்டத்துக்கு முந்தைய கதையை வைத்து இப்போது கேட்கக் கூடாது. லைசென்ஸ் கேள்வி இத்தோடு போதும்.

மேலப்பாளையம்: வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது இதில்தானா?

அது பெல்ஜியத்து பிரவுனிங் பிஸ்டல். 1911 மணியாச்சி பற்றி வரலாறு படித்தவர்களிடம் கேளுங்கள்.

சேரன்மகாதேவி: அப்பா காவலர். ‘மஸ்கட்’ வைத்திருந்தேன் என்பார். பார்க்க த்ரீ நாட் த்ரீதானே?

உங்கள் அப்பா சொன்னது சரி. பழைய ரைஃபிளை இஷாப்பூரில் .410 ஆக்கி, உள்ளே மரை இல்லாத வழுவழுப்பான குழாயோடு காவல் பணிக்குக் கொடுத்தார்கள். மேகசின் இடத்தை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள், ஒவ்வொரு ரவையாகத்தான் போட முடியும். அதன் ரவை த்ரீ நாட் த்ரீ கூட்டின் கழுத்தை நேராக்கிச் செய்தது. கடையில் விற்கும் .410 வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது.

பேட்டை: இன்னும் யாராவது சுடுகிறார்களா?

உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில் விடைகொடுத்தார்கள். மும்பையில் 2008-ல் ஏ.கே. 47-க்கு எதிரே ரயில்வே போலீஸ் இதை வைத்துக்கொண்டு நின்றார்களே, அதற்குப் பிறகும் இத்தனை வருசம் ஆயிற்று. வெளிநாட்டில் போட்டிக்குச் சுடுகிறார்கள்.

பாளையங்கோட்டை, என்.சி.சி. மாணவி: எங்கள் ட்ரில் ரைஃபிளில் ‘டி.பி.’ என்று இருக்கிறது. சரிபண்ணிச் சுடலாமா அண்ணாச்சி?

கூடவே கூடாது, தாயி. ட்ரில்லுக்கு மட்டும் என்று ஒதுக்கியது அது. தேய்ந்ததை, விரிசல் விட்டதைத்தான் அப்படி ஒதுக்குவார்கள். பேரலில் துளை போட்டும் வைத்திருப்பார்கள். போல்ட்டும் எந்த ரைஃபிளுடையதோ! கேம்பில் .22 தருவார்கள், அதில் சுடுங்கள். ட்ரில் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் போல்ட்டைப் பக்கத்து மாணவியுடையதோடு மாற்றிவிடாமல், நம்பர் பார்த்துக் கொடுங்கள்.