டாக்டர் படிப்புக்கு நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்

நம் மொரிசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் எச்.எஸ்.சி. முடித்துவிட்டாள். உயிரியலில் நல்ல தேர்ச்சி என்பதால் பெரியப்பாவும் மாமாவும் இப்போதே அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பிள்ளைக்கோ வேறு ஆசை. அலகு குத்திக் காவடி எடுப்பவர் அந்த வலியை எப்படித் தாங்குகிறார், அருள் வந்து ஆடும்போது அவருக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய வேண்டுமாம். அப்பா கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர். “படித்துவிட்டு வந்து சாமியே இல்லை என்று சொல்லிவிட்டால்?” என்று பயப்படுகிறார்.

அம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரிக்காக நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். வைக்காதீர்கள். பட்டத்தோடு திரும்பி வந்தும் இங்கே இன்டர்ன்ஷிப் இடத்துக்காகக் காத்துக் கிடந்த பிள்ளைகளை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. அதுவும் மனமில்லாத பிள்ளையை அனுப்பி, வட்டியும் கட்டுவதா? பெரியப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் கடனுக்கு அவரே ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் படிப்பு, சட்டம் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள்.

உங்கள் மகள் கேட்பது குருக்களாக ஆவதற்கான படிப்பும் இல்லை, நாத்திகம் கற்றுத்தரும் படிப்பும் இல்லை. சாமி உண்டா இல்லையா என்று சமய ஆய்வு என்ற இந்தத் துறை தீர்ப்புச் சொல்வதில்லை. நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள், அது அவர்கள் உடம்பையும் மனத்தையும் ஊரையும் என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901-02இல் எடின்பரோவில் ஆற்றிய உரைகளில், தனி மனிதர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்ன விதத்தையே சான்றாக எடுத்துக்கொண்டார். பிரான்சின் சமூகவியலாளர் துர்கெம் அதற்கு எதிர்த்திசையில், கூட்டம் ஒன்றுகூடும்போது எழும் வேகத்தில் சமயத்தின் வேரைத் தேடினார்.

இதற்கெல்லாம் ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். திமித்ரிஸ் க்சிகலாதாஸ் என்ற கிரேக்க மானுடவியலாளரும் அவர் குழுவினரும் நம் தைப்பூசத்தையே ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், குத்திக்கொள்ளாமல் கூடவே நடந்தவர்கள் ஆகியோரிடம் சில கேள்விகள் கேட்டு, ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். அதில் விரும்பியதை யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குக் கொடுக்கலாம். பிரார்த்தனைக்கு வந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் 133. கூடவே நடந்தவர்கள்தான் எல்லோரையும் மிஞ்சி, சுமார் 161 ரூபாய் கொடுத்தார்கள்! வலியை அதிகமாக உணர்ந்தவர்கள் அதிகம் கொடுத்ததாகவும் தெரிந்தது. பின்னர் 2019இல் வந்த இன்னொரு கட்டுரை, காவடி எடுப்பவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் அளந்தது. உடம்புக்கு நீடித்த கெடுதல் எதுவும் தென்படவில்லை. அதிகம் குத்திக்கொண்டவர்களின் மனநிலை அதிகம் தேறியிருந்தது.

இதை மகளிடம் படித்துக் காட்டுங்கள். “இயல்பாகவே தாராள மனசுக்காரர்கள்தான் காவடி எடுக்க வருகிறார்களோ?” என்று அவள் திருப்பிக் கேட்டால், இது அவளுக்கான படிப்புதான். சும்மா சிலிர்த்துப்போய் நின்றால் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்க வேண்டும்.

வழி இதுதான். முதலில் ரெதுயியில் உள்ள மொரிசியஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இளநிலை. 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, நிலம் நிலமாகவே இருக்கும். மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது, தமிழை அங்கே ஆழப்படுத்திக்கொள்ளலாம். கோயிலில் பாட்டியிடம் தமிழிலும் கிரியோலிலும் பேசத் தெரிந்த ஆராய்ச்சியாளர் வெளிநாட்டுக் குழுக்களுக்கு எளிதில் கிடைக்கமாட்டார். முதுநிலைக்குப் பாரிஸின் எகோல் பிராத்தீக் தே ஓத் எதூத் என்ற உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. சமய ஆய்வுக்கென்று அங்கே 1886 முதல் தனிப் பிரிவே உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு ஒரு தடையில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு முதுநிலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்று 2019இல் பிரான்ஸ் நிர்ணயித்தது, பல நிறுவனங்கள் விலக்கும் தருகின்றன. இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாரிஸில் அறை வாடகைதான் கையைச் சுடும். உதவித்தொகை கிடைக்காவிட்டால் போக வேண்டாம் என்பதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

‘சமய ஆய்வாளர் தேவை’ என்று இங்கே எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வராது. ஆனால் சமூகவியல் பட்டம் இருந்தால் பள்ளிகளில் எச்.எஸ்.சி. சமூகவியல் கற்பிக்கலாம். மொரிசியஸ் கல்வி நிறுவனத்தில் ஆசிரியர் பயிற்சியும் பெறலாம். அப்பிரவாசி காட் போன்ற பாரம்பரியச் சின்னங்களைச் சார்ந்த பணி, ஊடகம், சமூக சேவை என்று வேறு கதவுகளும் உண்டு. சம்பளம் டாக்டருக்கு வருவதுபோல் வராது. கடனும் இருக்காது.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தத் துறையில் பக்தர்களும் இருக்கிறார்கள், நம்பாதவர்களும் இருக்கிறார்கள். மகள் எந்தப் பக்கம் போவாள் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதற்காக அவள் படிப்பைத் தடுக்க அவருக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மகளுக்கும் ஒரு செய்தி: புள்ளியியல் கணக்குப் பாடம் என்று பயந்து ஒதுக்கிவிட வேண்டாம். 81க்கும் 133க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று அவளே கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும்.