மீன் தொட்டி கன்ட்ரோலருக்குப் போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன். வீட்டுக்குள் திறக்கிறது, வெளியூரிலிருந்து திறக்கவில்லை. எங்கே பிழை?

பிழை உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. தொட்டியின் பம்ப், ஹீட்டர்களை இயக்கும் அந்தக் கன்ட்ரோலரின் முகவரி, போர்ட் எண், சேமிக்கும் பொத்தான். வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட வாசலுக்கு, வரும் இணைப்பை வீட்டுக்குள் இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடும் விதி, அதாவது போர்ட் ஃபார்வர்டிங் என்பது அவ்வளவுதான். நீங்கள் இந்நேரம் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து எண்களைச் சரிபார்த்துச் சலித்திருப்பீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடவும் செய்திருப்பீர்கள். யாராவது ஒருவர் 'டிஎம்இசட்டில் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்றும் சொல்லியிருப்பார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு போர்ட்டுக்குப் பதில் கன்ட்ரோலரின் எல்லாப் போர்ட்டுகளையும் ஊருக்குத் திறந்துவிடும் வேலை அது.

முதலில் அந்தப் பக்கத்தை மூடுங்கள். ரவுட்டரின் நிலையைக் காட்டும் பக்கத்தில் 'வான்' (WAN) அல்லது 'இன்டர்நெட்' என்ற தலைப்பின் கீழ் ஒரு ஐபி முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வீட்டு வைஃபையில் இருந்தபடி, 'உங்கள் ஐபி முகவரி இதுதான்' என்று காட்டும் ஏதாவதோர் இணையதளத்தைத் திறந்து அது சொல்லும் முகவரியோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி. விதியில் சின்னக் கோளாறுதான் இருக்கும். பெரும்பாலும் கன்ட்ரோலரின் உள் முகவரி மாறியிருக்கும். நேற்று 192.168.1.50 ஆக இருந்தது, மின்சாரம் போய் வந்த பிறகு 192.168.1.53 ஆகியிருக்கும். விதியோ பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' என்ற வசதியில் கன்ட்ரோலரின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) கொடுத்து, எப்போதும் அதே எண் கிடைக்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. வெளிப் போர்ட்டாக 80ஐ வைத்திருந்தால் வேறு எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள். வீட்டு இணைப்புகளில் உள்ளே வரும் 80ஐ இணையச் சேவை நிறுவனங்கள் அடைத்து வைப்பது வழக்கம். இன்னொன்று, வெளி முகவரியை வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளியே போய் மீண்டும் உள்ளே திரும்பும் பாதையைச் சில ரவுட்டர்கள் அனுமதிக்காது. வெளியே ஒழுங்காக வேலை செய்வதுகூட வீட்டிலிருந்து பார்த்தால் செத்துப்போனது போலத் தெரியும். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

இரண்டும் வேறுவேறாக இருந்து, ரவுட்டர் காட்டும் முகவரி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கியது ஒன்று. முன்னால் இருப்பதை 'பிரிட்ஜ்' முறைக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்ற வேண்டும், அல்லது இரண்டிலும் விதி எழுத வேண்டும்.

ரவுட்டர் காட்டும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என்னுடையது பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி. ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாகக் கீழ்த்தொட்டியில் நன்னீர் விட ஒரு சிறு பம்ப் உண்டு. மட்டம் இறங்கினால் மிதவை ஸ்விட்ச் தாழ்ந்து பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும். நான் வெளியூரில் இருந்த ஒரு மாலை கன்ட்ரோலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பம்ப் நேர வரம்பைத் தாண்டியதால் நிறுத்தப்பட்டது என்று. கொஞ்ச நேரம் கழித்து அதே செய்தி மறுபடியும் வந்தது. மிதவை எங்கோ சிக்கிவிட்டது என்பது புரிந்துவிட்டது. 'நேர வரம்பு வைத்திருக்கலாமே' என்று எழுத வருகிறவர்கள் கவனிக்க: வைத்திருந்ததால்தான் அந்த மின்னஞ்சலே வந்தது. ஆனால் என் கருவியில் அந்த வரம்பு மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு பங்கு நன்னீர் உள்ளே போகும். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025இல் நிற்க வேண்டிய நீர் இப்படியே விடிய விடிய நீர்த்துக்கொண்டே போனால் மீன் தாங்கினாலும் பவளம் தாங்காது.

கைபேசியில் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்தேன். பல மாதங்களாக ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்த அதே முகவரி. வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று நின்றுவிட்டது.

வீட்டிலிருந்த தங்கையை அழைத்தேன். "அண்ணா, மீன்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. கீழ்த்தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிற்கிறது" என்றாள். பம்பின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். மிதவையின் தலையில் ஒரு நத்தை உட்கார்ந்திருந்ததாம். கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும், அந்தக் கனத்துக்கே மிதவை மேலே எழவில்லை. தொட்டதும் உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டதாம், பிடியை மட்டும் விடவில்லையாம். பாசியைத் தின்னும் என்று நானே ஆசையாக வாங்கி விட்ட நத்தை.

ஆபத்து நீங்கிய பிறகு ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து முகவரியைப் படிக்கச் சொன்னேன். "நூறு, புள்ளி, எழுபத்திரண்டு" என்று தொடங்கினாள். அதற்கு மேல் அவள் படிக்கத் தேவையே இருக்கவில்லை.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள முகவரிகள் 2012இல் இணையச் சேவை நிறுவனங்களின் உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் அவற்றைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைக்கின்றன. வீட்டு எண் எழுதாமல் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரும் கடிதத்தைப் போல, வெளியிலிருந்து வரும் இணைப்பு யாருக்கு என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் நீங்கள் எத்தனை விதி எழுதினாலும் அந்த இணைப்பு உங்கள் ரவுட்டர் வரைக்கும் வந்தே சேராது.

அந்த மின்னஞ்சல் மட்டும் எனக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள். உள்ளிருந்து வெளியே போவதற்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு மட்டும்தான் இந்தப் பாடு.

என் சேவை நிறுவனம் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பாமல் என்னை இந்த முறைக்கு மாற்றியிருந்தது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் "இணையதளங்கள் திறக்கின்றனவா சார்? திறந்தால் எங்கள் பக்கம் பிழை இல்லை" என்றார்கள். பிறகு ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். நான் இருநூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் சரி, செவ்வாய்க் கிரகத்தில் இருந்தாலும் சரி, அணைத்துத்தான் போட வேண்டும். விடாமல் கேட்ட பிறகு, பொது முகவரி வேண்டுமென்றால் மாதக் கட்டணம் தனி என்று வந்தது. பேச்சு முடிந்த கையோடு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு செய்தி. இந்த நட்சத்திரம் கேட்கும் வழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. குறைத்துப் போட்டால் அடி விழுவது தாளில் எழுதிக் கொடுத்ததைப் படித்த, தொலைபேசியில் என்னிடம் பேசிய பெண்ணுக்கு. எழுதிக் கொடுத்தவருக்கு நட்சத்திரம் போட எங்கும் இடமில்லை. ஐந்தும் போட்டுவிட்டு வந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. உங்களுடையது பொது முகவரியாகவே இருந்து, போர்ட்டும் திறந்து, எல்லாம் வேலை செய்தாலும், கன்ட்ரோலரின் பக்கத்தை அப்படியே இணையத்தில் வைக்காதீர்கள். 'என் மீன் தொட்டியை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. பார்ப்பது ஆள் அல்ல, நிரல். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான 'இசட்மேப்' என்ற கருவி, ஐபிவி4 முகவரிகள் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் பார்த்துவிடும் என்று காட்டினார்கள். 80ஐ 50080 என்று மாற்றி வைப்பது கொஞ்சம் தாமதப்படுத்தும், மறைக்காது. 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அது முயன்று பார்த்தது அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகளைத்தான். மீன் தொட்டியே வேண்டுமா? 2017இல் டார்க்டிரேஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செய்தி இருக்கிறது. வட அமெரிக்கச் சூதாட்ட விடுதி ஒன்றின் இணையத்தோடு இணைந்த மீன் தொட்டி வழியாக நுழைந்தவர்கள், 10 ஜிபி தரவைப் பின்லாந்திலிருந்த ஒரு கருவிக்கு அனுப்பியிருந்தார்கள்.

உங்கள் வீட்டில் திருட ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் இருக்கும் பொத்தான்கள் என்னென்ன? ஹீட்டர், நீரேற்றும் பம்ப், காரக் கரைசல் விடும் பம்ப். காரத்தன்மை 8 முதல் 11 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) வரைக்குள் அசையாமல் நிற்க வேண்டும் என்று எவ்வளவு பாடுபடுகிறோம்! அந்த ஒரு பொத்தானைப் போட்டுவிட்டு ஒருவன் போனால் போதும். பல கன்ட்ரோலர்களின் உள்ளிருக்கும் வலைப்பக்கத்துக்குக் குறியாக்கமும் கிடையாது. பொது வைஃபையில் இருந்து நுழைந்தால் கடவுச்சொல் அப்படியே வெளிச்சத்தில் போகும்.

நான் இப்போது வைத்திருப்பது விபிஎன், அதாவது வெளியூரிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வரக் குறியாக்கம் செய்த தனிப் பாதை. வீட்டில் எப்போதும் ஓடும் சின்ன ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று இருக்கிறது. பொது முகவரி உள்ளவர்கள் அதில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை நிறுவி, 51820 என்ற யுடிபி போர்ட்டை மட்டும் அதற்குத் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் வருகிறவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. துழாவி வரும் நிரலுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் தெரியும். ரவுட்டரிலேயே விபிஎன் வசதி இருந்தால் தனிக் கணினியும் தேவையில்லை.

என்னைப் போல 100.64 கூட்டத்தில் மாட்டியவர்களுக்கு டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகள் பொருந்தும். வீட்டுக் கணினி, கைபேசி இரண்டும் வெளியே நோக்கியே பேசத் தொடங்கி நடுவில் சந்தித்துக்கொள்வதால், நிறுவனம் எத்தனை அடுக்குப் போட்டாலும் கவலையில்லை. கன்ட்ரோலரில் இதையெல்லாம் நிறுவ முடியாது. வீட்டுக் கணினியையே, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கும் வழிவிடும் 'சப்நெட் ரவுட்டர்' ஆக அமைத்தால், வெளியூரிலிருந்தும் 192.168.1.50 என்று அடித்தே பழைய பக்கத்தைத் திறக்கலாம். டெயில்ஸ்கேல் தரும் முகவரிகளும் 100 என்றுதான் தொடங்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

'மீன் தொட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, தயாரிப்பாளரின் கிளவுட் கணக்கு போதாதா' என்று ஒருவர் கேட்பார். உங்கள் கருவிக்கு அது இருந்து, நிறுவனத்தின் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பிக்கையும் இருந்தால் தாராளமாகப் போதும். நான் சண்டைக்கு வரவில்லை. முகவரிப் பஞ்சமே இல்லாத புதிய ஐபிவி6 முறை இருக்கிறதே என்று இன்னொருவர் வருவார். இருக்கிறதுதான், ஆனால் பல கன்ட்ரோலர்களுக்கு ஐபிவி4 மட்டும்தான் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கன்ட்ரோலரின் மின்னஞ்சல் எச்சரிக்கையை இயக்கி, சோதனைச் செய்தி ஒன்று அனுப்பிப் பாருங்கள். அதற்குப் போர்ட் வேண்டாம், நிறுவனத்தின் தயவும் வேண்டாம். பிறகு ரவுட்டர் காட்டும் முகவரியின் முதல் இரண்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள், முழு முகவரியையும் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்து வயர்கார்டா டெயில்ஸ்கேலா என்று சொல்கிறேன். மிதவை ஸ்விட்ச் வைத்திருந்தால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அதைச் சுற்றி மாட்டிவிடுங்கள். நத்தை ஏறாது.