26 தலைமுறையும் இரண்டு மா கொடிக்காலும்

ஐயா,

இத்தாலியில் ஆன்டினோரி என்ற குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறதாம், இப்போது 26வது தலைமுறை என்று படித்தேன். எங்களுக்குத் தாத்தா காலத்திலிருந்து இரண்டு மா நிலத்தில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம். என்னோடு முடிந்துவிடும் போலிருக்கிறது. மகன் சென்னையில் ஐ.டி. வேலை. நல்ல புத்திசாலி, ஆனால் ஊர்ப்பக்கம் வரமாட்டேன் என்கிறான். வெற்றிலையை எடுத்துவிட்டுத் திராட்சை போட்டால் அவனுக்கு ஆசை வருமோ? நம் மண்ணில் வருமா? கவுளி என்கிற வெற்றிலைக் கட்டுக் கணக்கு, ஆள் கூலி எல்லாம் இப்போது மகள்தான் பார்க்கிறாள். உங்களுக்கு எழுதச் சொன்னதும் அவள்தான்.

வாசகர், பாபநாசம் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

திராட்சை வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறதே என்று கேட்பீர்கள். அங்கே மழை குறைவு, தண்ணீர் வடிகிற மண். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். வேர் அழுகாமல் தப்பினாலும் இலையில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சண நோய் வந்து நிற்கும். ஒயினை நினைக்கவே வேண்டாம். உரிமம் இல்லாமல் வடித்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்குதான்.

அந்த 26 தலைமுறையும் திராட்சையை மட்டும் நம்பி இருக்கவில்லை. பட்டு வியாபாரம், வங்கித் தொழில் எல்லாம் பார்த்த குடும்பம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் அங்கே திராட்சையைக் காப்பாற்றினார்கள். இன்னொன்று, அவர்கள் பாட்டிலில் குடும்பப் பெயர் இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம்தான், ஆனால் அது ஊர்ப் பெயர். உங்கள் கவுளி சந்தைக்குப் போனதும் யார் கொடிக்கால் என்று யார் கேட்கிறார்கள்?

திராட்சைக் கொடி ஐம்பது வருடம் தாண்டியும் காய்க்கும். அப்பா நட்டதை மகன் பறிக்கலாம். வெற்றிலைக்கு அந்த ஆயுள் இல்லை, சில வருடத்தில் கொடிக்காலையே புதிதாகப் போட வேண்டும். அதனால் கைப்பழக்கம்தான் சொத்து. கொடி இறக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் ஏறியதை, அது படர்கிற அகத்தி மரத்திலிருந்து அவிழ்த்து, வளைத்து, அடிப்பகுதியை மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி கட்டவேண்டும். விரல் கொஞ்சம் அழுத்தினால் கணு முறிந்துவிடும். சொல்லிக் கொடுத்து வருகிற வேலையா இது? கூட நின்று பார்த்தால்தான் வரும்.

அந்த இத்தாலியக் குடும்பத்தில் 26வது தலைமுறை யார் தெரியுமா? மூன்று பெண்கள். மூத்தவர் அல்பியேராதான் நிறுவனத் தலைவர். உங்கள் கடிதத்தில் மகனுக்குக் கவலை, மகளுக்குக் கணக்கு நோட்டு. தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. டெல்டாவில் பல வீடுகளில் அந்தத் திருத்தம் இன்னும் திண்ணையைத் தாண்டவில்லை.

அடுத்த முறை கொடி இறக்கும்போது கட்டுகிற வேலையை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். நாளைக்குக் கல்யாணமாகிப் போய்விட்டால் என்ன செய்வது என்பீர்கள். அதையும் அவரிடமே கேளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் சரி, மேற்கொண்டு பேசலாம். இதுவரை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை.