காயத்தைச் சொல்ல வேண்டியவர் யார்?

அன்புள்ள ஐயா,

மினசோட்டாவில் வசிக்கிறேன். இங்கே குளிர்காலம் வந்தால் கல்லூரி ஐஸ் ஹாக்கியைத் தவிர எங்களுக்கு வேறு பேச்சில்லை. சென்ற மாதம் எங்கள் அணியின் முக்கியமான முன்கள வீரர் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பக்கவாட்டுத் தடுப்பில் மோதி விழுந்தார். அதன்பின் களத்துக்குத் திரும்பவில்லை. “மேல் உடம்பில் காயம்” என்பதோடு பயிற்சியாளர் நிறுத்திக்கொண்டார். உள்ளூர் நிருபர் ஒருவரோ, வீரர் இடது தோளைப் பிடித்தபடி வெளியேறினார் என்று எழுதிவிட்டார். நண்பர்களுக்குள் சண்டை. டிக்கெட் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்கிறார்கள் சிலர். படிக்க வந்த சின்னப் பையனின் உடம்பைப் பற்றி ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நிருபர் செய்தது தவறுதானே?

ம., மினசோட்டா

அன்புள்ள ம.,

நிருபர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. அரங்கு நிறைந்த கூட்டம் பார்த்ததைத்தான் அவர் எழுதினார். மருத்துவ அறையிலிருந்து யாரோ கசியவிட்ட ஸ்கேன் முடிவை எழுதியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து திட்டியிருப்பேன். கண்ணால் கண்டதை எழுதக் கூடாது என்றால் அவருக்கு அங்கே இருக்கை எதற்கு?

இந்த இடத்தில் பயிற்சியாளர்கள் உடனே சட்டத்தைக் காட்டுவார்கள். நோயாளிகளின் மருத்துவ விவரங்களைக் காக்க 1996இல் வந்த ஹிப்பா சட்டம் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. மாணவர்களின் பதிவேடுகளைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974இல் வந்தது. அது கல்வி நிலையங்களுக்கானது. பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருக்கும் நிருபரை இரண்டும் தொடுவதில்லை. மாணவர் சம்மதித்தால் கல்லூரியும் தாராளமாகச் சொல்லலாம். ஆகவே “சட்டம் தடுக்கிறது” என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், வீரரிடம் சம்மதம் கேட்டீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி. அதை ஏனோ யாரும் கேட்பதில்லை.

(ஒரு சிறு திருத்தம்: கல்லூரி ஹாக்கியில் பலர் ஜூனியர் லீக்குகளில் ஆடிவிட்டு இருபது வயதில்தான் முதலாண்டுக்கே வருகிறார்கள். “சின்னப் பையன்” என்பதை அவர்களே ரசிக்க மாட்டார்கள்.)

பயிற்சியாளர் மறைப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். கல்லூரி ஹாக்கியில் பெரும்பாலும் அதே இரண்டு அணிகள் வெள்ளியும் சனியும் அடுத்தடுத்து மோதுகின்றன. ஆண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிப்பது விதிக்கு உட்பட்டது. வெள்ளி இரவு ‘இடது தோள்’ என்று தெரிந்தால், சனி இரவு அந்தத் தோளைத் தேடி ஒருவன் வருவான். வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்எச்எல் அணிகளுக்கும் 2008இல் இப்படித்தான் ஒரு விதி வகுத்தார்கள்: காயத்தின் விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பொய் சொல்லக் கூடாது. எனக்கு இது சரியான விதியாகத்தான் படுகிறது.

உங்கள் நண்பர்கள் பேசும் ரசிகர் உரிமைக்கு வருகிறேன். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் காயப் பட்டியல் வெளியிடும் வழக்கம் 1947இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் வீரர்கள் இருவரிடம் பந்தயக்காரர் ஒருவர் லஞ்சப் பேரம் பேசியது வெளிவந்திருந்தது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடைச் சட்டத்தை ரத்து செய்தபின் கல்லூரிகள் பக்கமும் அதே பேச்சு எழுந்தது. பிக் டென் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு 2023இல் அமெரிக்கக் கால்பந்துக்கு அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. இரண்டு முறையும் விரட்டியது பந்தயப் பணம். டிக்கெட் வாங்கிய ரசிகரை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. ஆனாலும் பிக் டென் முறையில் ஒரு நல்லது இருக்கிறது: ஆடுவாரா, மாட்டாரா, சந்தேகமா என்பது மட்டும் வரும், என்ன காயம் என்பது வராது. டிக்கெட் வாங்கியவருக்கு அவ்வளவு போதும். ஹாக்கிக்கும் அதைக் கொண்டுவரலாம்.

தோள், முழங்கால் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும். தலையில் அடிபட்டால் முடியாது. உங்கள் கடிதத்தில் நான் எதிர்பார்த்து இல்லாமல் போனது இதுதான். ‘மேல் உடம்பு’ என்ற போர்வைக்குள் தோளும் அடங்கும், மூளை அதிர்ச்சியும் அடங்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2010இலேயே, மூளை அதிர்ச்சிக்கு ஒவ்வொரு கல்லூரியும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும், அறிகுறி தெரிந்தால் வீரரை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் தரப்பு அனுமதிக்காமல் களத்தில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று வெளியிலிருந்து யார் பார்ப்பது? வீரரே மறைக்கக்கூடிய ஆட்டம் இது. 2013இல் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் பாஸ்டனின் பேட்ரிஸ் பெர்ஜரான் உடைந்த விலா எலும்போடும், விலகிய தோளோடும், துளை விழுந்த நுரையீரலோடும் ஆடியது தொடர் முடிந்த பிறகே தெரிந்தது. வீரம் என்று கொண்டாடினார்கள். அன்றிரவு அவரை ஆட அனுமதித்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

அந்த நிருபருக்கு நீங்கள் எழுதுவதாக இருந்தால், தோளை விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒருவர் தலையில் அடிபட்டு விழுந்து, இரண்டு நாளில் மறுபடி இறங்கினால், பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: இவரை இறக்கலாம் என்று முடிவெடுத்தது நீங்களா, மருத்துவரா?